விழுந்தவன் எழும்பும்வரை

பார்த்துவிட்டீர்கள். இனி மறைத்துப் பயனில்லை. மாத்தளை மோட்டார் ஓட்ட ரசிகர் மன்றத்தின் செயலாளர், மேடைகளின் இடிமுழக்கம் என்று சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடிக்கப்பட்ட இந்தப் பஸீர், சற்று முன் இந்த மண்டபத்து வாசலில் வந்து இறங்கியது தன் மனைவியின் ஸ்கூட்டியின் பின் சீட்டிலிருந்துதான். மடியில் மரக்கறிப் பை வேறு. எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளும் தெரியாது. வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஸஜீதாவின் தோளைப் பிடித்துக்கொள்வேன். அவள் அடிக்கிற பிரேக் எல்லாம் எனக்குப் பாடம் படிப்பிக்கத்தான் என்று மூடிய கண்ணுக்குள்ளேயே தெரியும்.

ஆகவே,

ஓட்டத் தெரியாதவனை ஓட்ட ரசிகர்களுக்குச் செயலாளராக்கி அழகு பார்க்கும் அவைத் தலைவர், வீதிப் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்ற, இந்த மாவட்டத்தின் வளைவுகளை எல்லாம் விரல் நுனியில் வைத்துக்கொண்டு குழிகளை மட்டும் எங்களுக்கு விட்டுச்சென்ற வள்ளல், மகேந்திரராஜா ஐயா அவர்களே!

அவருக்கு அருகே, கறுப்புக் கண்ணாடியும் கைத்தொலைபேசியுமாக, கொழும்பிலிருந்து எங்கள் அழைப்பை மதித்து வந்து அமர்ந்திருக்கும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர், ஞாயிறுதோறும் எங்களுக்குப் பந்தயம் காட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கும் தம்பி லோஜன் அவர்களே!

நான் இறங்கியபோது வாய்விட்டுச் சிரித்த பெரியோர்களே! சிரிப்பை முந்தானைக்குள் மறைத்த தாய்மார்களே! இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த தோட்டத்துச் சொந்தங்களே! பந்தயத்துக்கு நடுவே விளம்பரம் வராதிருக்க வேண்டித் தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்திருக்கும் வஹகோட்டைச் சகோதரர்களே! திரும்பிப் போகப் பஸ் இல்லை என்று தெரிந்தே வந்திருக்கும் லக்கல வீரர்களே! உண்மையான பந்தயம் உங்களுடையதுதான். அதை எந்தத் தொலைக்காட்சியும் காட்டாது.

உங்கள் எல்லோர்மீதும் சாந்தியும் சமாதானமும் உண்டாகட்டும். உங்கள் வீட்டுக் கூரைகளில் வளைந்து நிற்கும் அன்டெனாக்கள்மீதும் உண்டாகட்டும்.

அன்பர்களே, இன்றைக்கு நான் திட்ட வரவில்லை. பாராட்ட வந்திருக்கிறேன். பாராட்டாமல் இருக்க முடியுமா? போன பருவத்துப் பந்தயங்களை எவ்வளவு அழகாகக் காட்டினார்கள்! கொடி அசைகிறது. இயந்திரங்கள் முழங்குகின்றன. மண் மலைபோல எழும்புகிறது. முதல் வளைவை நோக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு முந்துகிறார்கள், மோதுகிறார்கள், மயிரிழையில் தப்புகிறார்கள். கெமரா எங்கே? பிரதம விருந்தினரின் செவ்விளநீரில்! அவர் குழாயை வாயில் வைக்கிறார். உறிஞ்சுகிறார். ஓய்வெடுக்கிறார். மறுபடியும் உறிஞ்சுகிறார். முதல் வளைவில் முந்தியது யார்? எங்களுக்குத் தெரியாது. இளநீரில் மிச்சம் எவ்வளவு? எங்கள் மாவட்டத்துக்கே தெரியும்.

வர்ணனை இருக்கிறதே, வர்ணனை! "இதோ வேகமாகச் செல்கிறார்!" என்கிறார் வர்ணனையாளர். பந்தயத்தில் வேறு எப்படித் தம்பி செல்வார்? பால் வாங்கப் போகிறாரா? "முன்னால் செல்பவர் பின்னால் வருபவரைவிட முன்னால் இருக்கிறார்" என்கிறார். ஆஹா! இந்த அறிவு எங்களுக்கு எங்கே கிடைக்கும்? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மிச்சத்தை எல்லாம் இந்த வர்ணனையிலிருந்துதான் படித்தேன்.

கடைசிச் சுற்று வருகிறது. நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். அந்த நேரம் பார்த்து முதல் சுற்றின் தொடக்கத்தை மெதுவாகத் திருப்பிக் காட்டுகிறார்கள். மெதுவாக... மிக மெதுவாக... அது முடிந்து திரும்பி வரும்போது வெற்றி பெற்றவர் ஹெல்மட்டைக் கழற்றித் தலை துடைத்துக்கொண்டிருப்பார். அவசரமில்லாமல் ஆறுதலாகத்தான் வந்திருக்கிறீர்கள், வாருங்கள் என்று எங்களைப் பார்த்துச் சொல்வதுபோல இருக்கும் அவர் முகம்.

இது என் கருத்து மட்டும் இல்லை. ரசிகர்களின் கருத்தை எல்லாம் கேட்டு வரும்படி மன்றம் என்னைப் பணித்தது. கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

இரத்தோட்டைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இலட்சுமி, அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார், வெளிநாட்டுக் கார்ப் பந்தயத்தைப் பஸ்ஸில் வரும்போது தொலைபேசியில் பார்ப்பவர். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அண்ணே, வெள்ளக்காரனும் நம்மாளுக மாதிரிதான். ரெண்டு காரு முட்டிக்கப் போற நேரத்துல, ஓட்டுறவனோட பொஞ்சாதி நகத்தக் கடிக்கிறதக் காட்டுறான். அதப் பாக்கவா நான் டேட்டா போட்டேன்? நகம் கடிக்கிறதப் பாக்கணும்னா எங்க லயத்து வீட்டுக்கு வரச் சொல்லுங்க. சம்பள நாளுக்கு முந்தின நாளு வந்தா அம்புட்டுப் பேரும் கடிப்போம்."

கைதட்டுங்கள், கைதட்டுங்கள். இலட்சுமிக்குத்தான், எனக்கு இல்லை.

தபால் அதிபராக இருந்த மாணிக்கவாசகம் ஐயாவிடம் போனேன். அவர் சொன்னார்: "முதல்ல சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் படத்தை மட்டும் பாத்தனான். பிறகு படத்திலயும் ஒண்டும் இல்லை எண்டு கண்டு டீவியையே நிப்பாட்டிப்போட்டன். இப்ப கதிரையில சாஞ்சு, கண்ணை மூடிக்கொண்டு, பந்தயத்தை நினைச்சுப் பாக்கிறன். நல்ல தெளிவாத் தெரியுது, பஸீர். விளம்பரமும் இல்லை."

என்னை அண்ணன் முறைக்கு நானா என்று அழைக்கும் லக்கல நண்பர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "எங்க பக்கம் யானை வயலுக்கு எறங்கினா தொடக்கத்துல இருந்து முடிவு வரைக்கும் முழுசாப் பாக்கலாம் நானா. அது நெல்லத் தின்டு முடியுற வரைக்கும் ஒரு விளம்பரம் வராது." அதாவது, தம்பி லோஜன், ஒளிபரப்பில் யானை உங்களை முந்திவிட்டது.

என்ன ஐயா? பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். "பஸீர், நேரம் போகுது, விசயத்துக்கு வாரும்" என்கிறார் தலைவர். வருகிறேன் ஐயா. இவ்வளவு நேரமும் விளம்பர இடைவேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பழக்கம்தானே.

விஷயம் இதுதான். நம்மூர் நப்லானை உங்களுக்கு எல்லாம் தெரியும். கராஜில் வேலை செய்யும் பிள்ளை. மோட்டோகுரோஸ் பந்தயத்தில், மண் மேட்டில் மோட்டார் சைக்கிளோடு பறந்து இறங்குவதில், இந்த மாவட்டத்துக்கு இருக்கும் ஒரே ஒரு பெயர். இந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயம் வருகிற ஞாயிறு. அதில் வென்றால் பருவக் கிண்ணம் மாத்தளைக்கு. ஆனால் நப்லான் ஓடப்போவதில்லை. ஏன்? கால் முறிந்ததா? கை முறிந்ததா? மோட்டார் சைக்கிள் பழுதா? ஒன்றும் இல்லை. உம்மா வேண்டாம் என்கிறார்.

அந்த உம்மா, சகோதரி நூருன்னிஸா, அதோ தாய்மார்கள் பக்கத்தில் கடைசிக் கதிரையில் அமர்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், அவருக்குப் பிடிக்காது. சொன்னவுடன் எல்லோரும் பார்க்கிறீர்கள். நல்லது.

ஏன் வேண்டாம் என்கிறார்? அதைச் சொல்ல, நம்முடைய பதுர்தீன் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குள் உங்களைக் கூட்டிப்போக வேண்டும். பந்தயம் தூரத்து ஊர்களில் நடக்கும்போது நாங்கள் கூடுவது அங்கேதான். தொலைக்காட்சி, கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரில், வீதியைப் பார்த்து மாட்டப்பட்டிருக்கிறது. ஆண்கள் கடையில். பெண்கள் அந்தச் சுவருக்குப் பின்னால், வீட்டில். படம் எங்களுக்கு, சத்தம் மட்டும் அவர்களுக்கு. இது என்ன நியாயம் என்று பதுர்தீன் நானாவின் மனைவி நஸ்மியா ஒருநாள் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. அலுமாரியின் நிலைக்கண்ணாடியைக் கழற்றிவந்து, கடையின் முன்தூணில், தொலைக்காட்சிக்கு நேரெதிரே மாட்டிவிட்டார். அந்தச் சுவரிலுள்ள வாசலின் திரையைக் கொஞ்சம் விலக்கினால் போதும். உள்ளே இருந்தபடியே தூணிலுள்ள கண்ணாடியில் பந்தயம் முழுவதையும் பார்க்கலாம்.

என்ன மூளை! இவரைத் தொலைக்காட்சி நிறுவனத்தில் வைத்திருந்தால் நாங்கள் இங்கே கூடியிருக்க மாட்டோம்.

ஒரே ஒரு குறை. கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாகத் தெரியும். எங்களுக்கு வலப்பக்கம் திரும்புகிறவன் அவர்களுக்கு இடப்பக்கம் திரும்புவான். பழகிவிட்டது. விளம்பரத்தின் எழுத்துகளை வாசிக்க முடியாது என்பதால், பதுர்தீன் நானாவின் வீட்டில் தேவையில்லாத சாமான் வாங்குவதும் குறைந்துவிட்டது.

போன மாதப் பந்தயம். நல்ல மழை பெய்து நின்ற திடல். எல்லோருக்கும் ஒரே சேறு, ஒரே நிறம். மோட்டார் சைக்கிளும் தெரியாது, சட்டையும் தெரியாது. முன்னால் ஒட்டிய இலக்கம் மட்டும்தான் தெரியும். நப்லானுக்கு அன்றைக்குச் சீட்டுக் குலுக்கலில் விழுந்த இலக்கம் பதினெட்டு. முதல் இடத்தில் ஓடியவனின் இலக்கம் எண்பத்தொன்று. அந்த ஒன்று வெறும் ஒரு கோடு. எட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டு. கண்ணாடியில் பதினெட்டு எப்படித் தெரியும்? எண்பத்தொன்றாக! எண்பத்தொன்று எப்படித் தெரியும்? பதினெட்டாக!

இதை அந்த நேரத்தில் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பந்தயம் முழுவதும் கடைக்குள் நாங்கள், "அட விட்டுட்டானே, இன்னும் ரெண்டாவதாகத்தானே வாறான்" என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே பெண்கள், "மாஷா அல்லாஹ், முன்னுக்குத்தான் போறான், இந்த ஆம்பிளைகளுக்கு இன்னும் என்னவாம்?" என்று எங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே பந்தயம், ஒரே தொலைக்காட்சி, சுவருக்கு இந்தப் பக்கம் துக்கம், அந்தப் பக்கம் திருவிழா.

கடைசிக்கு முந்திய சுற்று. பெரிய மேட்டில் எண்பத்தொன்று பறந்தான். பறந்தவன் சரியாக இறங்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். சேற்றில் புரண்டான். அசையவில்லை.

நாங்கள் என்ன செய்தோம்? எழுந்து நின்று ஆர்ப்பரித்தோம்! நப்லான் முதலிடத்துக்கு வந்துவிட்டான் அல்லவா? நான் மரவாங்கின் மேல் ஏறி, இரண்டு விரலை வாயில் வைத்து, இந்த ஊரே கேட்க விசிலடித்தேன்.

அந்தக் கணத்தில் தொலைக்காட்சி என்ன செய்தது? சொல்லுங்கள், எல்லோருமாகச் சொல்லுங்கள். ஆமாம்! விளம்பரம்! என்ன நேரம் பார்க்கும் திறமை! ஒருவன் விழுந்து கிடக்கிறான், இருக்கிறானா இல்லையா தெரியவில்லை, இதைவிட மக்கள் கண்ணிமைக்காமல் பார்க்கும் நேரம் எங்கே கிடைக்கும்? போடு பால்மாவை! போடு சவர்க்காரத்தை! போடு தொலைபேசிப் பெக்கேஜை! பிறகு அதே பால்மாவை இன்னொரு தடவை போடு, முதல் தடவை யாராவது குடிக்காமல் விட்டிருக்கலாம்!

வாசல் திரை விலகியது. சகோதரி நூருன்னிஸா கடைக்குள் வந்து நின்றார். ஆண்கள் நிறைந்திருக்கும் நேரத்தில் அவர் அங்கே கால் வைத்ததை நான் கண்டதில்லை. என் விரல்கள் இன்னும் வாய்க்குள்தான் இருந்தன.

"என்ட மகன் விழுந்து கிடக்கான். நீங்க விசிலடிக்கிறீங்களா, பஸீர் நானா?"

"ஐயோ, நூருன்னிஸா, அது நம்ம புள்ள இல்ல. அது எண்பத்தொன்னு. நம்ம புள்ள பதினெட்டு" என்றேன், விரல்களை எடுத்துவிட்டு.

"பதினெட்டுதான் விழுந்திச்சு. என்ட ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"நாங்களும் கண்ணாலதானே பார்த்தோம்!"

"அப்ப காட்டுங்க. என்ட மகன எனக்குக் காட்டுங்க!"

எதைக் காட்டுவது, தம்பி லோஜன்? எதைக் காட்டுவது? திரையில் ஒரு தாய் பால் கரைத்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்துக் கரைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் முன்னால் ஒரு தாய் நின்று மகனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நப்லானின் தொலைபேசிக்கு எடுத்தோம். அது திடலில் அவனுடைய பைக்குள் கிடந்து அடித்திருக்கிறது. சத்தியம் செய்தோம். அவர் கேட்கவில்லை. கண்ணால் கண்டதைவிட என் சத்தியம் பெரிதா? என்னுடைய சத்தியத்தை என் மனைவியே எடுப்பதில்லை.

பதுர்தீன் நானாதான் திரும்பித் தூணைப் பார்த்தார். "அட, கண்ணாடி!" என்றார். பேனையை எடுத்து உள்ளங்கையில் பதினெட்டு என்று எழுதி, கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். "பாருங்க மகள், கையில என்ன? கண்ணாடியில என்ன?" சகோதரி கையைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார். அப்போதுதான் மூச்சு விட்டார். நாங்களும் விட்டோம். நான் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்: "சரி. அப்ப அது யார்ட மகன்?"

அன்பர்களே, மாத்தளையின் பெரிய வாய்கள் எல்லாம் அந்தக் கடைக்குள் இருந்தன. அவற்றில் பெரிய வாய் வாங்கிலிருந்து கீழே இறங்கியது.

விளம்பரம் முடிந்தது. திரும்பி வந்தார்கள். எங்கே வந்தார்கள்? மேட்டுக்கா? விழுந்தவனிடமா? இல்லை, பிரதம விருந்தினரிடம்! அவருக்கு மாலை போட்டார்கள். அவர் மாலையைக் கழற்றினார். பிறகு நப்லான் கோட்டைக் கடந்தான். மாத்தளை வென்றது. கடையில் ஒரு கைதட்டல் இல்லை. சகோதரி நூருன்னிஸா நின்ற இடத்திலேயே நின்று, நிகழ்ச்சி முடியும்வரை திரையைப் பார்த்தார். விளம்பரம் தந்த அனுசரணையாளர்களின் பெயர்கள் எல்லாம் வந்தன. எண்பத்தொன்று வரவே இல்லை.

நப்லான் அந்தப் பந்தயத்தின் கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்தான். உம்மா கிண்ணத்தைப் பார்க்கவில்லை. "அந்த எண்பத்தொன்னு எழும்பினானா?" என்று கேட்டார்.

"எழும்பினான் உம்மா. தோள் எலும்புதான் விலகினது. என்னைக் கண்டு சிரிச்சான்."

"அவன்ட உம்மாவுக்கு அது எப்ப தெரிஞ்சிச்சு?"

உம்மா அவனுடைய ஹெல்மட்டை எடுத்து அரிசி வாளிக்குள் வைத்து மூடினார். அன்றிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது.

தலைவர் போனார், பேசினார். நான் போனேன். சகோதரி எனக்கு இஞ்சித் தேத்தண்ணி தந்தார், சம்மதம் தரவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "நானா, விழ வேணாம்னு நான் சொல்லல. ஓடுறவன் விழத்தான் செய்வான். விழுந்தா விழுந்தத நான் பார்க்கணும். எழும்பினா எழும்பினத நான் பார்க்கணும். நடுவுல சவர்க்காரம் வேணாம்."

எத்தனை வர்ணனையாளர்கள், எத்தனை நிபுணர்கள், எத்தனை ரசிகர்கள் கருத்துச் சொல்லியிருக்கிறோம்! இதைப் போல ஒரு கருத்தை நம்மில் யார் சொன்னோம்?

தம்பி லோஜன் ஏதோ சொல்கிறார். திருப்பிச் சொல்கிறேன். "அண்ணை, அது கண்ணாடியின்ர பிழைதானே?" என்கிறார்.

நியாயமான கேள்வி. ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடி பிழை விட்டது. அந்தப் பிழையைப் பதுர்தீன் நானாவின் உள்ளங்கை திருத்தியது. உங்கள் பிழையைத் திருத்த எந்த உள்ளங்கையைக் கொண்டுவருவது? மாத்தளையில் ஒரு தாய் கண்ணாடியில் பார்த்தாள், தப்பாகப் பார்த்தாள், அதனால் தப்பினாள். எங்கேயோ ஓர் ஊரில், எண்பத்தொன்றின் வீட்டில், கண்ணாடி இல்லை. அந்தத் தாய் நேராகத்தான் பார்த்தாள். சரியாகத்தான் பார்த்தாள். விழுந்தது அவளுடைய மகன்தான். அதற்குப் பிறகு அவள் என்ன பார்த்தாள், தம்பி? பால்மா பார்த்தாள். சவர்க்காரம் பார்த்தாள். பிரதம விருந்தினர் மாலை கழற்றுவதைப் பார்த்தாள். அவள் எந்த மொழி பேசுகிறவள், எந்த வேதம் ஓதுகிறவள், எந்தக் கடவுளைக் கும்பிடுகிறவள் என்று எனக்குத் தெரியாது. அவள் மகன் விழுந்தபோது இந்தப் பஸீர் விசிலடித்தான் என்பது மட்டும் தெரியும். விசிலடித்தவனுக்கும் விளம்பரம் போட்டவனுக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை, தம்பி. அதனால்தான் உங்களைக் கேலி செய்யும் உரிமையை எடுத்துக்கொண்டேன்.

ஆகவே இந்த மன்றம் கேட்பது என்ன? நல்ல வர்ணனை கேட்கவில்லை. அந்த வர்ணனை இல்லாவிட்டால் எங்களுக்குச் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? நல்ல படம் கேட்கவில்லை. செவ்விளநீரைக் காட்டுங்கள், குழாயைக் காட்டுங்கள், விரும்பினால் இளநீர் பறித்த மரத்தையும் காட்டுங்கள். ஆனால் ஒருவன் விழுந்தால், அவன் எழும்பும்வரை அவன்மேலிருந்து கெமராவை எடுக்காதீர்கள்! வெல்பவனைக் காட்டாவிட்டால் நாளைக்குப் பத்திரிகையில் பார்த்துக்கொள்வோம். விழுந்தவனைக் காட்டாவிட்டால் அவன் வீட்டில் அந்த நேரத்தை யார் கடப்பது? எப்படிக் கடப்பது? எதைப் பிடித்துக்கொண்டு கடப்பது?

நன்றி, நன்றி. தலைவர் ஐயாவும் தட்டுகிறார். நேரம் போவதை மறந்துவிட்டார்.

தம்பி எழுந்து நிற்கிறார். "விளம்பரத்தை நிப்பாட்டுற அதிகாரம் எனக்கு இல்லை, அண்ணை. அது மேலிடம்" என்கிறார். யாரும் ஊளையிட வேண்டாம். உண்மையைச் சொல்கிற பிள்ளை. தம்பி, நிறுத்த வேண்டாம். ஓடட்டும் விளம்பரம். ஆனால் ஒன்று கேட்கிறேன். பந்தயம் நடக்கும்போதே திரையின் மூலையில் சின்னப் பெட்டியாக ஒரு பிஸ்கட்டை ஒட்டுகிறீர்களே, அதை ஒட்டுவது யார்? "நாங்கள்தான்" என்கிறார். பந்தயத்தின் மேல் விளம்பரத்தை ஒட்டத் தெரிந்த உங்களுக்கு, விளம்பரத்தின் மேல் பந்தயத்தை ஒட்டத் தெரியாதா? அந்தத் தாய் பால் கரைக்கட்டும். கரைக்கிற மூலையில், உள்ளங்கை அளவு பெட்டிக்குள், விழுந்த பிள்ளை தெரியட்டும்!

யோசிக்கிறார். அமைதி, அமைதி. தொலைபேசியை எடுக்கிறார். பேசுகிறார். தலையாட்டுகிறார். இந்த வர்ணனை போதுமா, இல்லை இன்னும் வேகமாகச் சொல்லட்டுமா? வைத்துவிட்டார். இதோ ஒலிவாங்கிக்கு வருகிறார். "அது என்ர கையில இருக்கிற வேலைதான். கேட்டிட்டன். வாற ஞாயிறிலயிருந்து செய்யிறம்" என்கிறார்!

கொஞ்சம் பொறுங்கள். கைதட்டலை நிறுத்துங்கள். சகோதரி நூருன்னிஸா எழுந்திருக்கிறார். அவர் குரல் சின்னக் குரல், நான் சொல்கிறேன். "எழும்புற வரைக்குமா, மகன்?" என்று கேட்கிறார்.

"எழும்புற வரைக்கும், அம்மா" என்கிறார் லோஜன்.

"எழும்பாட்டி?"

தம்பி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அப்பவும் அவரில இருந்து கெமராவை எடுக்க மாட்டம் அம்மா. ஆக்கள் வந்து தூக்கும் மட்டும் அவரோடயே நிப்பம்" என்கிறார்.

சகோதரி அவர் முகத்தைப் பார்க்கிறார். நேராகத்தான் பார்க்கிறார். இப்போது என்னைப் பார்க்கிறார். "சரி நானா. ஓடட்டும்" என்கிறார்.

அல்ஹம்துலில்லாஹ்! இனித் தட்டுங்கள்! கை சிவக்கத் தட்டுங்கள்! இந்த மண்டபத்தின் தகரம் அதிரத் தட்டுங்கள்! பக்கத்து வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்கும் நப்லானுக்குக் கேட்கட்டும்! கேட்டுவிட்டதா மகன்? கேட்டுவிட்டது, சிரிக்கிறான், ஏறி உட்காருகிறான்!

தலைமை தாங்கிய ஐயாவுக்கும், வாக்குத் தந்த தம்பிக்கும், வாக்கை வாங்கிய தாய்க்கும், இவ்வளவு நேரமும் இருக்கையை மாற்றாமல் என்னைச் சகித்துக்கொண்ட உங்கள் அனைவருக்கும் மன்றத்தின் சார்பில் நெஞ்சு நிறைந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை திரைக்கு முன்னால் சந்திப்போம். எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்.

ஓர் அறிவித்தல். நப்லான் மோட்டார் சைக்கிளை உதைத்து இயக்கியபோது அது கியரில் இருந்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் அவனை வாசலிலேயே விழுத்திவிட்டுத் தனியாக மண்டபத்துக்குள் வந்து, சுவரோரம் இருந்த சிற்றுண்டி மேசையில் மோதி நின்றது. நப்லான் எழும்பிவிட்டான். மேசை எழும்பவில்லை. ஆகவே கூட்ட முடிவில் தேநீர் மட்டும் வழங்கப்படும். தரையில் சிதறிய ரோல்ஸை மிதித்தவர்கள் செருப்பைத் துடைத்துவிட்டு வெளியேறும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.